படைப்பிற் படைத்தோனைக் கண்ட ஜான் ரே

இயற்கைப் பொருள்களை உற்றுநோக்கி, அவற்றின் வாயிலாகக் கடவுளின் பெருமையை உணர்தல் கிறிஸ்தவ மார்க்கத்தார்க்குப் புதியதொரு வழக்கமன்று. நம் ஆண்டவர் காட்டுப் புஷ்பங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் சுட்டிப் போதித்தார் என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆயின், அப்பூவிற்கு இதழ் எத்தனை, அப்பறவை இடும் முட்டை எத்தனை என்று குனிந்து எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. பிரசங்கிமார் பலர் பூவை உவமையாக எடுத்துக்கொண்ட மாத்திரத்தில் உவமானத்தைக் கைவிட்டு உவமேயத்துக்கு ஓடிவிடுவர். அங்ஙனம் ஓடாமல், நாற்பதாண்டுக் காலம் பூவின் அருகேயும் புழுவின் அருகேயும் இருந்து கற்று, அதன் பின்னரே அவற்றைப் படைத்தவரைக் குறித்து நூல் வெளியிடத் துணிந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜான் ரே. தாவர நூல் பயிலும் மாணவர் அவர் பெயரை ஒருவாறு கேட்டிருப்பர்; ஏனையோர் அறிந்திருத்தல் அரிது. அவருடைய சரித்திரத்தை எம்மால் இயன்ற அளவு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இங்கிலாந்து தேசத்தின் கீழ்ப்பாகத்தில் எஸ்ஸெக்ஸ் என்னும் நாட்டிலே, பிரெயின்ட்ரீ என்னும் ஊரை அடுத்து, பிளாக் நாட்லி என்றொரு சிற்றூர் உளது. அவ்வூரில் 1627-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் தேதி ரே பிறந்தார். தந்தையார் ரோஜர் என்பவர் ஊர்க் கொல்லர். குதிரைகளுக்கு லாடம் அடித்தும், கலப்பைகளைச் செப்பனிட்டும் வாழ்ந்தவர். தாயார் எலிசபெத் மூலிகைகளின் குணமறிந்தவர். அயலாரின் நோய்க்குப் பச்சிலை கொடுத்து உதவி வந்தவர். உலைக்களத்தின் தீயும் தாயாரின் பச்சிலைக் கூடையும் நம் சரித்திர நாயகர் கண்ட முதற் காட்சிகளாம். பின்னாளில் இவ்வுலகத்துச் செடிகளையெல்லாம் ஒரு நூலிற் சேர்த்து எழுதிய அவர்க்கு, முதல் ஆசிரியை அத்தாயே என்று யாம் எண்ணுதல் தவறாகாது.

பிரெயின்ட்ரீப் பள்ளியிற் கற்றபின், பதினாறாம் வயதில், 1644-ஆம் ஆண்டில், ரே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையை அடைந்தார். அக்காலம் அமைதியான காலமன்று. அரசன் ஒரு பக்கமும் பார்லிமெண்டு ஒரு பக்கமுமாக நின்று போர் புரிந்த காலம் அது. கலாசாலைகளிலும் ஆசிரியர் பலர் பதவி இழந்தனர். புதியோர் பலர் பதவி ஏற்றனர். அக்குழப்பத்தினிடையே கொல்லர் மகன் மௌனமாய்க் கற்றார். 1646-இல் டிரினிட்டி கலாசாலைக்கு மாறினார். ஆங்கே டியூபோர்ட் என்னும் கிரேக்க ஆசிரியரிடம் பயின்றவருள், பின்னர்ப் பெருங் கணித வல்லுநராய்ப் புகழ்பெற்ற ஐசக் பாரோவும் ரேயும் ஒருங்கே தலைசிறந்து விளங்கினர். 1649-இல் ரே அக்கலாசாலையின் உறுப்பாசிரியராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அதன்பின் கிரேக்கமும் கணிதமும் இலக்கியமும் முறையே போதித்து வந்தார்.

1650-ஆம் ஆண்டில் அவர்க்கு ஒரு நோய் கண்டது. உடல் தேறும் பொருட்டு ஊர்ப்புறத்தே உலாவுதல் நலமென்று கண்டு, நாள்தோறும் வயல் வழியே சென்று வந்தார். அங்ஙனம் செல்லுங்கால், கால் மிதிபட்டுக் கிடந்த சிறு செடிகள் அவர் கண்ணைக் கவர்ந்தன. முன்னரும் பன்முறை அவற்றைக் கண்டவரே, ஆயினும் நோக்கியவரல்லர். இவற்றின் பெயர் யாவை, இனம் யாது என்று கற்பிப்பார் எவரேனும் உளரோவென்று சர்வகலாசாலை முழுவதும் தேடினார். ஒருவரும் இலர்! கிரேக்க மொழியின் வினைத்திரிபுகளைக் கரதலப் பாடமாக ஒப்பிப்பார் நூற்றுக்கணக்கில் இருந்த அவ்விடத்தே, கலாசாலை மதிலோரம் முளைத்த ஒரு பூண்டின் பெயரைச் சொல்வார் ஒருவரும் இலர்.

இதனை எழுதுங்கால் எமக்குச் சிறிது நாணம் தோன்றுகின்றது. குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் தொகுத்துரைத்த தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரையும் பரீட்சையின் பொருட்டு நெட்டுருச் செய்த யாம், அவற்றுள் எத்தனையை நேரிற் கண்டு இஃது இன்னதெனக் காட்ட வல்லேம்? பத்தைக் காட்டுவதே ஐயம். கபிலரோ மலையிற் பூக்களைக் கண்டு பாடியவர். யாம் ஏட்டிற் கண்டு எண்ணிக்கொள்கின்றோம்.

ஆசிரியர் இல்லாமையால் ரே தாமே தமக்கு ஆசிரியரானார். டிரினிட்டியில் தம் அறையை அடுத்து ஒரு சிறு தோட்டம் அமைத்து, வயலினின்றும் கொணர்ந்த செடிகளை ஆங்கு நட்டு, விதை முளைப்பது முதல் விதை முற்றுவது ஈறாக நோக்கி வந்தார். நிட் என்னும் நண்பர் அவர்க்குத் துணையாயினர்; அந்நண்பர் 1659-இல் காலஞ்சென்றார். மறுவருடம், 1660-இல், கேம்பிரிட்ஜைச் சூழ்ந்து வளரும் செடிகளின் அட்டவணையொன்று இலத்தீன் மொழியில் வெளிவந்தது. சட்டைப்பையில் அடங்கும் சிறு நூல். ஆக்கியோன் பெயரும் அதில் இல்லை. ஓர் ஊரைச் சுற்றியுள்ள செடிகளை முறையாக ஆராய்ந்து இங்கிலாந்தில் வெளிவந்த முதல் நூல் அதுவே.

அவ்வாண்டுகளிலேயே அவர் கலாசாலை ஜெப ஆலயத்தில் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் தேவ ஞானத்தைக் குறித்துச் சில உரைகள் நிகழ்த்தினார். சிருஷ்டிப் பொருள்களில் விளங்கும் கடவுளின் ஞானமே அவ்வுரைகளின் பொருள். அவற்றை அவர் உடனே அச்சிடவில்லை. முப்பதாண்டுகள் பெட்டியில் வைத்திருந்தார். எழுதியதை இரவோடிரவாக அச்சேற்ற விழையும் எம்போன்ற இளைஞர்க்கு இப்பொறுமை வியப்பாகவே இருக்கிறது. 1660-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் குருப்பட்டமும் பெற்றார்.

இனிக் கூறப்போவது அவர் வாழ்க்கையின் பெருந் திருப்பம். அரசன் இரண்டாம் சார்லஸ் மீண்டும் அரியணை ஏறியபின், 1662-இல், திருச்சபையின் ஆராதனை முறையை நாடெங்கும் ஒரே சீராக்கும் பொருட்டு ஒரு சட்டம் பிறந்தது. ஆகஸ்டு மாதம் 24-ஆம் தேதிக்குள் குருமாரும் கலாசாலை ஆசிரியரும் ஓர் அறிக்கையிற் கைச்சாத்திடல் வேண்டும். இல்லையேற் பதவி துறத்தல் வேண்டும். போர்க்காலத்தில் பார்லிமெண்டுக் கட்சியார் பலர் 1643-ஆம் ஆண்டின் உடன்படிக்கை என்னும் ஒரு பிரமாணத்தைச் செய்திருந்தனர். அப்பிரமாணம் செய்தவரை அது ஒருகாலும் கட்டுப்படுத்தாதென்று அறிக்கையிடுமாறு இச்சட்டம் கேட்டது.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ரே அப்பிரமாணத்தைத் தாம் செய்தவரல்லர். அதனை அவர் விரும்பினவருமல்லர். திருச்சபையின் ஜெபப் புத்தகத்தின் மீதும் அவர்க்கு வெறுப்பில்லை. கையெழுத்திடுவதால் அவர் சொந்த வாக்கு ஒன்றும் பொய்படப் போவதில்லை. கையெழுத்திட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தால் எவரும் அவரைக் குறைகூறியிரார். ஆயினும், கடவுள் முன்னிலையில் ஒருவன் செய்த ஆணை அவனைக் கட்டுப்படுத்துமா, படுத்தாதா என்பதை அரசாங்கத்தின் கட்டளைக்கிணங்கத் தாம் தீர்ப்புக் கூறுதல் தகாதென்று அவர் மனச்சாட்சி உரைத்தது. பிறர் செய்த சத்தியத்தின் பொருட்டுத் தம் பிழைப்பை இழக்க ஒருப்பட்டார். இங்கிலாந்தில் ஏறக்குறைய 2,000 குருமார் அக்காலத்துப் பதவி இழந்தனர் என்பர். அவருள் இத்தகைய காரணத்தால் இழந்தவர் எத்துணையர்?

அறை போயிற்று, தோட்டம் போயிற்று, வருவாயும் போயிற்று. குருப்பணி செய்யவும் வழியில்லை. அவர் திருச்சபையை விட்டுப் பிரிந்து வேறு சபையிற் சேர்ந்தாரோவெனின், அதுவும் இல்லை. எச்சபையின் சட்டம் தம்மை வெளியேற்றியதோ அச்சபையிலேயே சாதாரண விசுவாசியாக ஞாயிறுதோறும் சென்று அமர்ந்திருந்தார், சாகுமளவும். இச்செயலை வீரமென்று கூறத் தயங்குவோரும் உளர். வெளியே நின்று கல்லெறிவதினும் உள்ளே ஓரத்திலமர்ந்து பொறுத்தல் எளிதன்று என்பது எம் கருத்து.

முப்பத்தைந்து வயதில் வேலையற்று நின்ற அவர்க்குக் கை கொடுத்தவர் பிரான்சிஸ் வில்லோபி என்னும் செல்வர். டிரினிட்டியில் ரேயிடம் கற்றவர். இருவரும் ஒரு பெருஞ் செயலைத் திட்டமிட்டனர். உலகத்து உயிர்ப்பொருள்களையெல்லாம் நேரிற் கண்டு ஆராய்ந்து வகைப்படுத்த வேண்டுவது. செடிகள் ரேயின் பங்கு, விலங்கும் பறவையும் மீனும் பூச்சியும் வில்லோபியின் பங்கு. 1663-இல் கப்பலேறி, ஒல்லாந்து, ஜெர்மனி, இத்தாலி முதலிய நாடுகளிற் சுற்றினர். ரே சிசிலியும் மால்டாவும் கண்டு, சுவிட்ஸர்லாந்து வழியாகப் பிரான்சிலுள்ள மோம்பெலியே நகரை அடைந்து தங்கினார். 1666-இல் ஆங்கிலேயர் யாவரும் வெளியேறுக என்று பிரெஞ்சு மன்னன் ஆணையிட்டமையால் தாயகம் திரும்பினார். மறுவருடம் ராயல் சொசைட்டி என்னும் விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தினராக்கியது.

இப்பயணத்திற் கண்ட செய்தி ஒன்று பின்னர்ப் பயன்படுமாதலின் இங்கேயே குறித்து வைக்கின்றோம். ப்ரூஜ் நகரத்தருகே நிலத்தின்கீழ் ஆழத்தில் ஒரு காடே மரங்களோடு புதையுண்டு கிடப்பதை ரே அறிந்தார். முன்னொருகால் தரையாயிருந்த அது கடலால் மூடப்பட்டு, மணல் படிந்து, மீண்டும் தரையாயிருத்தல் வேண்டும். உலகம் உண்டாகி ஏறக்குறைய 5,600 ஆண்டுகளே ஆயின என்று அக்காலத்தார் கணக்கிட்டிருந்தனர். அத்துணைக் குறுகிய காலத்தில் இவ்வளவு மாற்றம் எங்ஙனம் நிகழும் என்ற வினா அவர் உள்ளத்தில் முள்ளெனத் தைத்தது.

1672-ஆம் ஆண்டு ஜூலை மாதம், முப்பத்தாறே வயதில், வில்லோபி இறந்தார். நண்பர்க்கு வருடந்தோறும் 60 பவுன் கொடுக்குமாறு மரண சாசனத்தில் எழுதியிருந்தார். தம் பிள்ளைகளின் கல்வியையும் அவரிடமே ஒப்புவித்திருந்தார். அது முதல் ரேயின் தோளில் இரண்டு பங்கு வேலை ஏறியது. நண்பர் விட்டுச்சென்ற குறிப்புக்களைத் திருத்தி, நிரப்பி, பறவை நூலை 1676-இலும், மீன் நூலை 1686-இலும் வெளிப்படுத்தினார். இரண்டும் வில்லோபியின் பெயராலேயே வெளிவந்தன. தம் பெயரை முன்னிறுத்தியிருந்தால் மறுப்பார் இலர். அம்மீன் நூலால் ஒரு வேடிக்கையும் விளைந்தது. ராயல் சொசைட்டி தன் பணத்தையெல்லாம் அதில் முடக்கிவிட்டமையால், நியூட்டன் எழுதிய மகா நூலை அச்சிடக் காசின்றி நின்றது. ஹாலி என்பவர் தம் கைப்பொருளால் 1687-இல் அதனை அச்சிடுவித்தார். அவர்க்குச் சேரவேண்டிய சம்பளத்துக்கு ஈடாகச் சொசைட்டி கொடுத்தது விற்பனையாகாத மீன் நூற் பிரதிகளை!

இதற்கிடையே 1673-இல் வில்லோபியின் இல்லத்தில் இருந்த மார்கரெட் ஓக்லி என்னும் பெண்மணியை ரே மணந்தார். பின்னர் அவ்வில்லத்தில் தங்குதல் இயலாமற் போகவே, ஈரிடம் மாறி, 1679-இல் தாயார் இறந்தபின், அவர்க்கெனத் தாம் கட்டுவித்த டியூலண்ட்ஸ் என்னும் சிறு வீட்டிற்கு, பிறந்த ஊரான பிளாக் நாட்லிக்கே, திரும்பினார். எஞ்சிய இருபத்தைந்தாண்டும் அங்கேயே கழிந்தன. நான்கு பெண்மக்கள் பிறந்தனர்; மூத்த இருவர் இரட்டையர்.

அச்சிறு வீட்டிலிருந்து வெளிவந்த நூல்களை எண்ணுங்கால் மலைப்புத் தோன்றும். எல்லாவற்றையும் ஈண்டு விரிப்பின் பெருகும். 1682-இல் தாவரங்களைப் பாகுபடுத்தும் புதிய முறையை வெளியிட்டார். விதையினின்று முதலில் தோன்றும் வித்திலை ஒன்றா, இரண்டா என்பதைக் கொண்டு செடிகளைப் பிரித்தல் அம்முறையின் சிறப்பு. தமிழ் மாணவர்க்கு இது முற்றிலும் அந்நியமான எண்ணமன்று. தொல்காப்பியனார் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். பனையும் தெங்கும் அவ்வாற்றாற் புல்லோடு சேர்ந்தன. ரேயின் வழி வந்தோர் வித்திலையை எண்ணிப் பனையைப் புல்லின் பக்கமே வைத்தனர். ஒருவர் தண்டை நோக்கினார், ஒருவர் விதையை நோக்கினார்; இருவரும் சென்று சேர்ந்த இடம் ஏறக்குறைய ஒன்றே.

1686, 1688, 1704 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருந் தொகுதிகளாகத் தாவர சரித்திரம் வெளிவந்தது. 18,000-க்கு மேற்பட்ட செடிகள் அதிற் கூறப்பட்டன. ஒரு விதையினின்று தோன்றி மீண்டும் தன்போன்றதையே விதையால் ஈனுவது எதுவோ அதுவே ஓர் இனம் என்று அவர் முதற்றொகுதியில் வரையறுத்தார். படங்களுக்குப் பணம் கிட்டாமையால் நூல் படமின்றியே வந்தது. மலையாளக் கரையின் செடிகளைக் குறித்து ஒல்லாந்தர் வெளியிட்ட பெருநூலையும் அவர் பயன்படுத்திக்கொண்டார். சென்னைக் கோட்டையில் வைத்தியராயிருந்த சாமுவேல் பிரௌன் என்பவர் நம் நாட்டுச் செடிகளை உலர்த்தித் தமிழ்ப் பெயரோடு இலண்டனுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட பெட்டிவர் என்பவரே மூன்றாந் தொகுதிக்கு ரேயிற்கு உதவி புரிந்தவர். கடலையே தாண்டாத நம் ஊர்ப் பூண்டுகளின் கீர்த்தி அந்நாளிலேயே எஸ்ஸெக்ஸ் நாட்டுச் சிற்றூரை எட்டும் வழி இவ்வாறு திறந்தது.

இனி, 1691-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலுக்கு வருவோம். சிருஷ்டியின் கிரியைகளில் வெளிப்படும் தேவ ஞானம் என்பது அதன் பெயர். முப்பதாண்டு பெட்டியிற் கிடந்த கலாசாலை உரைகளே விரிந்து நூலாயின. 104-ஆம் சங்கீதத்தின் 24-ஆம் வசனமே அதன் ஆதாரம். இலத்தீனில் எழுதிப் பழகிய அவர், இதனை யாவரும் படிக்கும் பொருட்டு ஆங்கிலத்தில் எழுதினார். தாம் குருப்பணி செய்ய இயலாதவரானமையின், நாவினாற் செய்யாத ஊழியத்தைக் கையினாற் செய்வதாகக் கருதினார்.

அந்நூலில் அவர் சொல்லுவன வானளாவிய செய்திகளல்ல. தகைவிலாங் குருவியை எடுத்துக்கொள்கின்றார். அவருடைய நண்பர் லிஸ்டர் என்னும் மருத்துவர், ஒரு குருவியின் கூட்டிலிருந்து நாளுக்கொரு முட்டையாக எடுத்துவர, அது நிறுத்தாமல் பத்தொன்பது முட்டை வரை இட்டது. பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆயினும் தன் கூடு நிரம்பவேண்டிய அளவை அது எவ்வாறோ அறிகின்றது. குஞ்சுகள் ஐந்தாறு வாய் திறந்து கத்தும்போது ஒன்றையும் விடாமல் இரை ஊட்டுகின்றது. அறிவில்லாத பறவையின் செயலில் அறிவு விளங்குமாயின், அவ்வறிவு யாருடையது என்பதே ரேயின் வினா. கண்ணின் அமைப்பு, மரத்தில் நீர் ஏறும் விதம், ஈன்றவுடன் முலை தேடும் குட்டி, இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லுகின்றார். பூச்சியினங்கள் உலகில் 10,000 இருக்கலாம் என்று முதலில் மதிப்பிட்டவர், ஒரு கோடைகாலம் தம் ஊர்ப் பூச்சிகளை ஆராய்ந்தபின் அதனை இருமடங்காக்கினார். இன்று விவரிக்கப்பட்டவை மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம். அவர் தம் மதிப்பைக் குறைத்துக் கூறி ஏமாந்ததில் அவர்க்கு மகிழ்ச்சியே உண்டாயிருக்கும் என்று நினைக்கின்றோம்.

இரண்டு கருத்துக்கள் அந்நூலில் எம்மை மிகவும் கவர்ந்தன. ஒன்று, இவ்வுயிர்களெல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன என்ற பொதுக் கொள்கையை அவர் ஒப்பாமை. அவை தம் வாழ்வில் தாம் இன்புறவும், தம்மைப் படைத்தவர்க்கு மகிமையாயிருக்கவும் உண்டாயின. மனிதன் பயன்கொள்ளுதல் அதன்பிற்பட்டதே. விலங்குகள் வலியறியாத இயந்திரங்கள் என்ற டேக்கார்ட்டின் கொள்கையையும், நாயின் ஓலத்தைக் கேட்ட எவனும் ஒப்பான் என்று தள்ளினார். மற்றொன்று, சொற்களைக் கற்பதோடு கல்வி முடிந்துவிடாது, பொருள்களையே கண்ணால் நோக்குதல் வேண்டும் என்றது. அதனை ஓய்வுநாளுக்கும் உரிய பக்தியாகவே எண்ணினார். நித்தியத்திலும் தேவனுடைய கிரியைகளை ஆராய்வது பரிசுத்தவான்களின் தொழிலில் ஒரு பகுதியாயிருக்கலாம் என்று நம்பினார்.

அவர் கண்டதெல்லாம் இனிமையாயிருந்ததோ? இல்லை. இதனை மறைத்து எழுதினால் யாம் அவர் சரித்திரத்துக்குத் துரோகம் செய்தவராவோம். கேம்பிரிட்ஜில் இருந்தபோது முட்டைக்கோசு தின்னும் புழுக்கள் சிலவற்றை அவர் பெட்டியில் வளர்த்தார். வண்ணத்துப் பூச்சி வெளிவரும் என்று எதிர்பார்த்திருக்க, பலவற்றின் உடலைத் துளைத்துக்கொண்டு சிறு புழுக்கள் வெளிவந்து கூடு கட்டி, ஈக்களாய்ப் பறந்தன. அந்நாளில் அவர்க்கு அதன் காரணம் விளங்கவில்லை. பின்னரே, ஒருவகைக் குளவி உயிருள்ள புழுவினுள் முட்டையிடுகின்றது என்றும், அதன் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வளர்கின்றன என்றும் தெளிந்தார். அழுகிய பொருளினின்று உயிர் தானே தோன்றும் என்ற பழங் கொள்கையை மறுக்க இஃது அவர்க்குத் துணையாயிற்று. ஆனால் இதே குளவியைச் சுட்டியே, சார்லஸ் டார்வின் 1860-இல் நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், அன்பே உருவான கடவுள் இதனைத் திட்டமிட்டுப் படைத்தார் என்று நம்பத் தம்மால் இயலவில்லையென்றார். ஒரே குளவி ஒருவர்க்குச் சான்றாகவும் மற்றொருவர்க்குத் தடையாகவும் அமைந்தது. ரேயின் நூலைப் பின்பற்றி டெர்ஹம் 1713-இலும், பேலி 1802-இலும் எழுதிய வாதங்கள் டார்வினுக்குப் பின்னர் முன்போல் நிலைபெறவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். குருவியின் கூட்டைக் காட்டிக் கடவுளை மறுப்பவன் வாயை அடைத்துவிடலாம் என்று இன்று எவரும் எண்ணார். ஆயின் ரேயின் நூலை யாம் அவ்வாறு வாயடைக்கும் நூலாகப் படிக்கவில்லை. முன்னரே நம்பியவர் ஒருவர், தாம் நம்பியவரின் கைவேலையை அருகிருந்து கண்டு வியந்த வியப்பாகவே அதனைப் படித்தோம்.

புதையுண்ட காட்டின் முள்ளும் அவரை விடவில்லை. மலைமீதும் பாறைக்குள்ளும் கல்லாகிக் கிடக்கும் சிப்பிகளையும், ஆட்டுக்கொம்புபோற் சுருண்ட கல் வடிவங்களையும் (நம் நாட்டார் சாளக்கிராமம் என்று பூசிப்பதும் அவ்வினத்ததே) அவர் கண்டிருந்தார். அவை உயிர்களின் எச்சம் எனின், அத்தகைய உயிர்கள் இன்று எங்கே? தேவன் படைத்த ஓர் இனம் முற்றிலும் அழிந்தொழிய அவர் விடுவாரோ? நோவாவின் காலத்துப் பிரளயம் கொணர்ந்ததெனின், மழைவெள்ளம் சிப்பிகளைக் கடலுக்கு அடித்துச் செல்லுமேயன்றி மலைக்கு ஏற்றுமோ? உயிர்களின் எச்சமல்ல, கல்லின் விளையாட்டே எனின், இத்துணை நுட்பமாகச் சிப்பியின் வடிவை வீணே சமைப்பதேன்? இவ்விரு பக்க நியாயங்களையும் 1692, 1693-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் ஒளியாமல் எழுதினார். ஆராயப்படாத கடல்களில் அவ்வுயிர்கள் இன்னும் வாழலாம் என்று ஒரு நம்பிக்கையையும் குறித்தார். முடிவு கூறவில்லை. வேத சரித்திரத்துக்கு இடராகத் தோன்றிய சான்றை அழித்தாரில்லை. சான்றின் பொருட்டு வேதத்தைத் துறந்தாருமில்லை. 1662-இல் கைச்சாத்திட மறுத்த அதே கை, அறியாததை அறிந்ததாக எழுதவும் மறுத்தது.

1698-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இரட்டையருள் ஒருத்தியாகிய மேரி, காமாலை நோயால் இறந்தாள். வயது பதின்மூன்று. உலகத்துச் செடிகளின் மருத்துவ குணத்தையெல்லாம் நூலில் எழுதியவர், தம் வீட்டில் ஒரு குழந்தையைக் காக்க ஒரு மூலிகையும் காணாமல் நின்றார். அத்துயரம் அவரை நெடுநாள் வாட்டியது. அப்போது அவர் உடலும் நலமாயில்லை. கால்களிற் புண்கள் தோன்றி ஆறாமல் வருத்தின. குளிர்காலத்தில் வெளியே நடத்தலும் அரிதாயிற்று. தேவ ஞான நூலின் அடுத்த பதிப்பு 1701-இல் வந்தது. மகளை இழந்தபின் வந்த அப்பதிப்பை யாம் ஆவலோடு நினைத்துப் பார்க்கின்றோம். ஏதேனும் ஒரு பகுதி குறைந்திருக்குமோவெனின், குறையவில்லை; நூல் முன்னிலும் விரிந்தே இருந்தது.

அறுபது கடந்தபின் அவர் தொடங்கிய கடைசி வேலை பூச்சிகளின் சரித்திரம். தம்மால் நடக்க இயலாமையால் மனைவியும் மக்களும் புழுக்களைப் பொறுக்கி வந்து கொடுப்பர். ஒருமுறை சுள்ளிபோன்ற புழு ஒன்று கூட்டில் அடைந்து, பெண் விட்டிலாய் வெளிவந்தது. அறையின் சாளரம் திறந்திருந்தது. இரவில் தற்செயலாய் உள்ளே சென்ற மார்கரெட் அம்மையார், அக்கூண்டைச் சுற்றி இரண்டு ஆண் விட்டில்கள் வட்டமிடக் கண்டு பிடித்துக் கொணர்ந்தார். இருளில், தொலைவிலிருந்து, அவை எங்ஙனம் வழியறிந்தன? பெண் விட்டிலின் மணமே அவற்றை அழைத்திருத்தல் வேண்டும் என்று ரே குறித்து வைத்தார். அவ்வாறே என்று பிற்கால ஆராய்ச்சியாளர் நிலைநாட்டினர். இத்தனைக்கும் அவரிடம் இருந்தது ஒரு கூண்டு, ஒரு சாளரம், விழித்திருந்த மனைவி ஒருவர்.

அந்நூல் முடியவில்லை, அவர் இறந்தபின் 1710-இல் வெளியாயிற்று. 1705-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ஆம் தேதி, தம் நண்பர் ஹான்ஸ் ஸ்லோன் என்பவர்க்கு விடைபெறும் கடிதம் ஒன்றை எழுதத் தொடங்கினார். தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் அவர் செய்த உதவிகட்கு நன்றி கூறி, வேறொரு நண்பர்க்குச் சொல்லவேண்டிய செய்தியையும் எழுதிவருகையிற் கை தளர்ந்தது. கடிதம் இடையில் நின்றது. பத்து நாட் கழித்து, 17-ஆம் தேதி, டியூலண்ட்ஸ் வீட்டிலேயே உயிர் நீத்தார். பிளாக் நாட்லி ஆலயத்தின் புறத்தே அவரை அடக்கம் செய்தனர். அவர் பிறந்த கொல்லர் வீடு இருந்த அதே ஊரில்.